நூறு அடி இறக்கை

விமானத்தோட இடது இறக்கை வந்து ஹாலிஸ் வீட்டு சமையலறைச் சுவத்துல டொக்குன்னு இடிச்சுச்சு.

இறக்கைன்னா நெஜ இறக்கை இல்ல. தீயணைப்பு வண்டி ஓட்டுற ஆஸ்கர்தான். கயித்தோட ஒரு நுனியக் கையில சுத்திக்கிட்டு நின்னாரு. இன்னொரு நுனி அந்தப் பக்கம் ரொட்டிக்கடைக்காரர் கையில. நடுவுல, விமானம் போறதுக்காகத் தரையில போட்டிருந்த மஞ்சக்கோட்டு மேல, விமானத்தோட மூக்கா, ஓட்டல்காரி லோர்னா. பின்னால வாலா நாலு பேரு. யாரும் சிரிக்கல. சவ ஊர்வலத்துல போற மாதிரி மெதுவா, முகத்த இறுக்கிக்கிட்டு நடந்து வந்தாங்க.

"எவ்ளோ இடிக்குது?"ன்னு லோர்னா திரும்பாமலே கேட்டாங்க. மூக்கு திரும்பக்கூடாதுல்ல.

"ரெண்டு அடி உள்ள போகுது மேடம்"னாரு ஆஸ்கர். "ஹாலிஸோட அடுப்பு வரைக்கும்."

எல்க்ஃபோர்க் மலை மேல இருக்குற ஊர். பனிக்காலத்துல சறுக்க வர்றவங்கள நம்பித்தான் அங்க எல்லா வீட்டுலயும் உல கொதிக்குது. அவங்களக் கொண்டு வந்து இறக்க ரெண்டு ஜெட் இருக்கு. ஒண்ணு அம்பது பேரு உக்கார்ற பழசு, இறக்கை குட்டை. இன்னொண்ணு எழுபத்தாறு பேரு உக்கார்ற புதுசு, இறக்கை நீளம். எது வேணும்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, இல்லேன்னா இந்த வருஷம் விமானமே கிடையாதுன்னு விமானக் கம்பெனி சொல்லிடுச்சு. புதுசு ஓடுபாதைக்குப் போற வழியில எங்கயும் இடிக்காமப் போகுமாங்குறதுதான் கேள்வி. அளக்குறவர் டென்வர்லேர்ந்து வர மூணு வாரம் ஆகுமாம். அதனால விமானக் கமிட்டித் தலைவி லோர்னா, நாமளே விமானமா நடந்து பாத்துடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க.

இறக்கையோட நீளம், அதுக்கு மேல விட வேண்டிய ஒதுக்கம், எல்லாம் சேத்து நூறு அடிக்குக் கயிறு. ஹாலிஸ்தான் தீயணைப்பு நிலையத் தரையில நீட்டி வச்சு, டேப்பால அளந்து, ரெண்டு நுனியிலயும் சிவப்பு ரிப்பன் கட்டுனான். விமான நிலையத்துல பனி தள்ளுறது, விளக்கு மாத்துறது, பெட்டி தூக்குறது எல்லாமே அவன்தான். மஞ்சக்கோட்டு ஓரமா இருந்த பழைய சுரங்கக்காரன் குடிசைதான் அவன் வீடு. அந்த ஊர்ல கூலிக்காரனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்குறது குதிரைக்கொம்பு. அதுக்கு முன்னாடி ரெண்டு பனிக்காலம் அவன் வண்டிக்குள்ளயே தூங்கி எந்திரிச்சவன்.

வேடிக்கை என்னன்னா, மொத தடவ நடந்தப்ப கயிறு எங்கயும் இடிக்கவே இல்ல. சுவத்துக்கு ஒரு சாண் தள்ளியே போச்சு. எல்லாரும் கை தட்டப் போனாங்க. ஹாலிஸ்தான் நிறுத்துனான்.

"கயிறு தொய்யுது. தொய்யுற இறக்கை எந்த விமானத்துல இருக்கு? நல்லா இழுத்துப் பிடிங்க."

நல்லா இழுத்துப் பிடிச்சாங்க. இடிச்சுச்சு.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல நீ"ன்னாரு ஆஸ்கர்.

"நாளைக்கு நெஜ இறக்கை இடிச்சா?"

"அதுவும் சரிதான். எழுபத்தாறு பேரும் உன் அடுப்புல வந்து உக்காந்திருப்பாங்க."

கம்பெனிக்காரர் ட்வைட் கோட்டு காலரத் தூக்கி விட்டுக்கிட்டு ஓரமா நின்னாரு. ஹாலிஸ் அவர்கிட்ட போனான். "சார், மஞ்சக்கோட்ட ரெண்டு அடி வலது பக்கம் தள்ளிப் போட்டா?"

"போட்டு நடந்து காட்டுங்க."

போட்டாங்க. நடந்தாங்க. இப்போ வலது இறக்கை, அங்க நின்ன ஒரு பணக்காரரோட சொந்த ஜெட்டுல உரசுச்சு. ரொட்டிக்கடைக்காரர் கையை உதறிக்கிட்டு மன்னிப்பு வேற கேட்டாரு. அந்த ஜெட்டோட பைலட் கறுப்புக் கண்ணாடியக் கழட்டாமலே வெளிய வந்து, "தள்ளி நிறுத்துறேன். எடம் காட்டுங்க"ன்னாரு.

எடம் ஒண்ணுதான் இருந்துச்சு. அங்க பனி உருக்குற வண்டி நின்னுச்சு. அத எடுத்து ஹாலிஸ் வேற எடத்துல விட்டான். அது ஆஸ்கரோட தீயணைப்புக் கொட்டகை வாசல்.

"தம்பி, தீப்புடிச்சா நான் வண்டிய எப்படி எடுக்குறது? கூரையப் பிச்சுக்கிட்டா?"ன்னாரு ஆஸ்கர்.

எல்லாத்தையும் பழையபடி நிறுத்துனாங்க. மஞ்சக்கோட்டையும் அழிச்சுப் பழைய எடத்துலயே போட்டாங்க. அதுக்குள்ள அரை நாள் போயிடுச்சு.

"பழைய விமானத்தையே வச்சுக்கலாமே மேடம்"னான் ஹாலிஸ்.

லோர்னா அவனப் பாத்தாங்க. திட்டல. திட்டியிருந்தாக்கூட அவனுக்குத் தேவலாம்னு இருந்திருக்கும். "போன மார்ச்ல என் ஓட்டல்ல ஒரு கல்யாணம். ஞாபகம் இருக்கா?"

இருந்துச்சு. மலை மேல காத்து மெலிசு. வெயில் ஏறுச்சுன்னா பழைய விமானத்தால பாரம் தாங்கி ஏற முடியாது. அன்னிக்கு ஆள ஏத்திக்கிட்டு, பெட்டிய இறக்கிட்டாங்க. வர்ற வழியில டென்வர்ல நிறுத்தி மறுபடி ஏறுனப்ப, கல்யாணப் பொண்ணோட கவுன் இருந்த பெட்டியும் அங்கயே நின்னுடுச்சு. அந்தப் பொண்ணு சறுக்குற கால்சட்டையோட மோதிரம் மாத்திக்கிச்சு.

"அந்தப் பழசும் இன்னும் ரெண்டு வருஷந்தான்"னாரு ட்வைட். "உதிரி பாகமே வர்றதில்ல. பழச எடுத்தீங்கன்னா, ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடியும் இதே கயித்தோட நிப்பீங்க."

ஊர்ல நூத்தம்பது பேரு அறை பெருக்குறாங்க, பாத்திரம் கழுவுறாங்க. விமானம் வரலேன்னா அத்தன பேருக்கும் பனிக்காலம் பட்டினிக்காலம். ஹாலிஸுக்கு அது தெரியும். பாதிப் பேரு அவன மாதிரியே வண்டியில தூங்குனவங்க.

"கடைசியா ஒரு தடவ நடந்து பாத்துடலாம்"னான். "காத்து அடிக்குது. இந்தத் தடவ ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பேரா இழுங்க. சந்தேகமே இருக்கக்கூடாது."

ரெண்டு ரெண்டு பேரா இழுத்தாங்க. கயிறு வில்லு நாண் மாதிரி விண்ணுன்னு நின்னுச்சு. ஆஸ்கர் சுவத்துகிட்ட வந்து டேப்ப வச்சாரு. ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தாரு.

"மூணு அடி."

"முன்னாடி ரெண்டுதான?"

"இப்போ மூணு. உன் வீடு எங்கள நோக்கி நடந்து வருதோ என்னமோ."

ஹாலிஸ் குடிசைக் கதவத் திறந்தான். உள்ள போனான். அடுப்பத் தொட்டுப் பாத்தான். கழுவுற தொட்டியோட குழாயத் திறந்து மூடுனான். அந்தக் குழாயில சுடுதண்ணி வர அவனுக்கு நாலு வருஷம் ஆச்சு. வெளிய வந்தான்.

"சமையலறைய அறுத்துடலாம்"னான். "மூணு அடிதான. மீதி வீடு நிக்கும்."

"சமைக்குறதுக்கு?"ன்னாங்க லோர்னா.

"வண்டியில சமைச்ச பழக்கம் இருக்கு மேடம்."

லோர்னா மூக்கா நின்ன எடத்துலேர்ந்து மொத தடவையா நகந்து வந்து, அவன் தோள்ல கை வச்சாங்க.

அது பழைய குடிசைங்கறதால ஊர் வரலாற்றுச் சங்கத்துகிட்ட அனுமதி கேக்கணும். குடுத்தாங்க. ஆனா ஒவ்வொரு பலகையிலயும் நம்பர் எழுதிப் பத்திரமா எடுத்து வைக்கணும்னு சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை பூரா ஹாலிஸ் தன் சமையலறைச் சுவத்துல தானே நம்பர் எழுதுனான். ஒண்ணுலேர்ந்து அறுபத்தி மூணு வரைக்கும். ஆஸ்கர் ரம்பம் பிடிச்சாரு. முப்பத்தி ஒம்பதாம் நம்பர் பலகையில ஹாலிஸோட காப்பி டம்ளர் மாட்டுற ஆணி இருந்துச்சு. ஆஸ்கர் அத மட்டும் பிடுங்கி அவன் பாக்கெட்டுல போட்டாரு.

வெள்ளிக்கிழமை காலையில, ஓட்டையில தார்ப்பாய் கட்டுன குடிசைக்கு முன்னாடி நின்னு, லோர்னாவும் ட்வைட்டும் புது விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டாங்க. தார்ப்பாய் காத்துல படபடன்னு அடிச்சுக்கிச்சு. எல்லாரும் ஹாலிஸுக்குக் கை குடுத்தாங்க. ரொட்டிக்கடைக்காரர் இனிமே ஆயுசுக்கும் காலைச் சாப்பாடு தன் பொறுப்புன்னாரு.

அப்பதான் மலை மீட்புக் குழுவுல வேலை பாக்குற பிரிட்டா சறுக்குக் கட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கி வந்துச்சு. இறக்கையா பிடிச்ச கயிறு அந்தக் குழுவோடது. தீயணைப்பு வண்டிக் கயிறு பனியில உறைஞ்சு கட்டையாயிட்டதால, அவங்க கொட்டகை ஆணியில மாட்டியிருந்தத ஹாலிஸ்தான் சீட்டு எழுதி வச்சுட்டு எடுத்துட்டு வந்திருந்தான்.

பிரிட்டா கயித்த விரலால நீவிப் பாத்துச்சு. முகம் மாறுச்சு. "இவ்ளோ இழுபட்டிருக்கே. யாருண்ணே விழுந்தது?"

"யாரும் விழலம்மா"ன்னான் ஹாலிஸ். "இத இறுக்கி இழுத்துப் பிடிச்சு விமான இறக்கைய அளந்தோம்."

பிரிட்டா கயித்தப் பாத்துச்சு. தார்ப்பாயப் பாத்துச்சு. அப்புறம் தயங்கித் தயங்கி சொல்லுச்சு.

"அண்ணே, பாறையிலேர்ந்து விழுறவன் இடுப்பு ஒடியக்கூடாதுன்னு செஞ்ச கயிறு இது. இறுக்கி இழுத்தா நூறு அடிக்கு ஆறு அடி நீளும். பக்கத்துக்கு மூணு அடி."