பத்துமலையைத் தர மாட்டோம்

சிலிபின், ஈப்போ
1927 ஆகஸ்டு, வியாழக்கிழமை

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை உடையப்பன் அவர்கள் சமுகத்துக்கு, மாமியார் நவமணி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் கோழிகளும் சுகம். அவ்விடம் தாங்களும் என் மகள் நல்லம்மாளும் குழந்தைகளும் தைப்பிங் மழையில் சளி பிடிக்காமல் இருக்க முருகன் துணை நிற்பானாக. மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. தைப்பிங் பந்தாட்டச் சங்கத்துக்குத் தாங்கள் காரியதரிசி ஆனதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் ஆன கையோடு, என் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கும் பத்துமலையை, எங்கள் சிலிபின் சங்கத்துக்குக் கோல் விழாமல் தடுக்கும் பேக் ஆடுகிறவனை, 'நயமாகப் பேசி இங்கே அனுப்பி வையுங்கள், அரசாங்க ஆபீசில் பியூன் வேலையும் குவார்ட்டர்ஸும் தயார்' என்று எழுத எப்படி மனம் வந்தது? ரயில் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்குகிறவனுக்கு இது பெரிய வாய்ப்பு என்கிறீர்கள். ஒருவன் போனால் இன்னொருவன் வருவான், பந்து எப்போதும் உருண்டைதானே என்கிறீர்கள். போதாததற்கு, வெள்ளைச் சேலை கட்டிய வயதான பெண்பிள்ளை பாடாங் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரெபரியைத் திட்டுவது தைப்பிங்வரை கேட்கிறது, தங்களுக்குத் தலைகுனிவாக இருக்கிறது என்று ஒரு வரி. மாப்பிள்ளை, நான் திட்டவில்லை. சட்டத்தை எடுத்துச் சொன்னேன். ஆப்சைடு என்றால் என்ன என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நாற்காலி உங்கள் மாமனாருடையது. இந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். அவர் போன பிறகு அது காலியாகக் கிடக்கக் கூடாது என்றுதான் நான் உட்காருகிறேன். பினாங்கு கான்வென்ட்டில் கன்னியாஸ்திரீகள் எனக்குக் கற்பித்தவை, முதுகு வளையாமல் உட்காருவதும் பொய் பேசாதிருப்பதும். முதுகு இன்னும் வளையவில்லை.

கடிதம் வந்தால் வாய்விட்டுப் படிப்பது என் பழக்கம். பால் ஊற்ற வந்த ராக்காயி வாசற்படியில் நின்றதை நான் கவனிக்கவில்லை. நான் 'இப்படிக்கு' என்ற இடத்துக்கு வருவதற்குள் அவள் செம்போடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள், எனக்கு அன்று காப்பியும் இல்லை. "தைப்பிங்காரன் நம்ம பத்துமலையத் தூக்கிட்டுப் போறானாம்! அதுவும் யாரு, நம்ம பெரியம்மா மருமவனாம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் நூஹுவின் சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். என் முற்றத்தில் கோழிக்கு நிற்க இடமில்லை. என் மருமகன் செய்த காரியத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா, அவனை விட்டுடாதீங்க லா," என்றார் நூஹு. "அந்தக் காலு எங்க கடைக் காலு. ஆட்டுக்கால் சூப்பு ஊத்தி ஊத்தி நான் வளர்த்தது. தைப்பிங்ல யாரு இருக்கா இப்படி ஊத்த?"

"ஒம்ம சூப்பா? அது வெந்நித் தண்ணி!" என்றாள் ராக்காயி. "அவன் பொறந்தப்ப தொப்புள்கொடி அறுத்தவ நானு. தலைக்கு முந்தி காலு வந்துச்சு. இவன் ஒதைக்கப் பொறந்த பயன்னு அப்பவே சொன்னேன்."

இதே பிரசவத்தைத் தாமே பார்த்ததாகச் சொல்லும் கிழவிகள் இன்னும் இரண்டு எஸ்டேட்டுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை நம்பினால் பத்துமலை மூன்று எஸ்டேட்டில் பிறந்திருக்கிறான். பெற்றவள் மாரியம்மா ஒருத்திதான், அவள் எதையும் சொல்லிக்கொள்வதில்லை. காலையில் பால்வெட்டு, மாலையில் புல்வெட்டு என்று அவளுக்கு ரப்பர் காட்டிலேயே பொழுது விடிந்து அங்கேயே இருட்டுகிறது. மகன் ஆடி அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காத குறையை மற்றவர்கள் தீர்த்து வைக்கிறார்கள். அவன் போட்ட ஒரே ஒரு கோலை எடுத்துக்கொள்ளுங்கள். பேக் ஆடுகிறவனுக்குக் கோல் போடுவது வேலையல்ல. ஒரு முறை, அதுவும் உங்கள் தைப்பிங்குக்கு எதிராக, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற இவன் முழங்காலில் பந்து பட்டு உள்ளே போயிற்று. அவனே திடுக்கிட்டான். நான் பார்த்தேன். இன்று சிலிபினில் யாரைக் கேட்டாலும், நடுக்கோட்டிலிருந்து அடித்தான், வலை கிழிந்தது என்பார்கள். அன்று வலையே கட்டியிருக்கவில்லை. கேட்ட போதெல்லாம் நான் திருத்தினேன். ஒருவரும் திருந்தவில்லை.

இப்படியிருக்க, நேற்று தங்கள் தம்பி இராமசாமி ரயிலில் வந்து இறங்கினார். பத்துமலை கிளம்பிவிடாமல் இருக்க எங்கள் ஆட்கள் ஸ்டேஷனில் காவல் இருந்தார்கள். அவன் பாட்டுக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான், அவனை யாரும் பார்க்கவில்லை. இராமசாமி இறங்கியதும், 'பத்துமலை எங்கே?' என்று அவர்களிடமே விசாரித்திருக்கிறார். தங்கள் தம்பிக்குச் சமயம் பார்க்கத் தெரியாது. நாலு பேர் அவர் கைகால்களைப் பிடித்துத் தூக்கிக் கொண்டுவந்து என் முற்றத்தில் இறக்கினார்கள். அடிக்கவில்லை, வசவும் கொஞ்சம்தான். ஒரு செருப்பு வழியில் விழுந்துவிட்டது, கிடைத்தால் அனுப்புகிறேன். சம்பந்தி வீட்டுப் பிள்ளையல்லவா, உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். காப்பியைக் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "என்னா அத்தை, இவனுக்குப் போயி இவ்வளவு சூசாவா, தொல்லையா? இத்தனை வருசமா ஆடுறான், ஒரே ஒரு கோலு. அதுவும் முட்டியில பட்டுப் போனதுன்னு அண்ணன் சொன்னாரு."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். உண்மையைச் சொல்லித் தீருகிறவள் அங்கே நான் ஒருத்திதான் என்று அவர்களுக்குத் தெரியும். நூஹு கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"தம்பி, நடுக்கோட்டுல இருந்து அடிச்சான். நான் பார்த்தேன். வலை கிழிஞ்சு போச்சு."

ராக்காயி குலவையிட்டாள். நூஹு தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இராமசாமிக்கு இன்னொரு காப்பி சொன்னார், என் வீட்டில், என் காப்பியை. வேலை முடிந்து வந்து பின்வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த பத்துமலை, "பெரியம்மா, ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தான். "நீ சும்மா இரு, உன் விஷயமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று அடக்கிவிட்டேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தாங்கள் கேட்பீர்கள். போன வருஷம் உங்கள் ஊர்ப் பாடாங்கில் கொட்டும் மழையில் நடந்த ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். எத்தனை கோல் வாங்கினோம் என்று நான் எழுத மாட்டேன், தாங்கள் அதைத் தூக்கத்திலும் சொல்லுவீர்கள். எங்கள் சென்டர் பார்வர்டு இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டிவிட்டார்கள். "வாங்கம்மா, போலாம், இதுல பார்க்க என்னா இருக்கு" என்று நூஹு குடையை விரித்துவிட்டார். அந்த நேரம் பந்து கோட்டுக்கு வெளியே உருண்டு போய்க்கொண்டிருந்தது. விட்டாலும் ஒன்றுமில்லை, பிடித்தாலும் ஒன்றுமில்லை. பத்துமலை வெறுங்காலோடு சேற்றில் சறுக்கிக்கொண்டே போய் அதைக் கோட்டின் மேல் நிறுத்தினான். நிறுத்திவிட்டு, ஆட்டம் சமமாக இருப்பதுபோலத் தலையை நிமிர்த்தி யாருக்குத் தள்ளலாம் என்று பார்த்தான். நூஹு குடையை மடக்கினார். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். விசில் ஊதும்வரை நனைந்துகொண்டு கத்தினோம். தோற்கிறவர்கள் ஏன் கத்துகிறார்கள் என்று உங்கள் ஆட்கள் சிரித்தார்கள். முடிந்ததும் அவன் எங்களிடம் வந்து, "நனைஞ்சிட்டீங்களே, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி, என் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஸ்டேஷன்வரை நடந்தான்.

கோல் போடுகிறவனை ஜனங்கள் தோளில் தூக்குவார்கள், அடுத்த வாரம் அவன் தவறவிட்டால் இறக்கிவிடுவார்கள். தோற்கும் நேரத்தில் நம்மைத் திரும்பி வரச் செய்தவனை இறக்கவே மாட்டார்கள். அவன் பிறந்ததற்குச் சாட்சி சொல்லுவார்கள், அவன் காலுக்குப் பங்கு கேட்பார்கள், அவனுக்காக ஊரே கூடி ஒரே பொய்யைச் சொல்லும். தங்கள் தைப்பிங்கில் யாரைப் பற்றியாவது அப்படி ஒரு நல்ல பொய் உண்டா? கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பை இருக்கிறது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவனுக்கு உள்ள ஒரே லட்சணம், அவன் நம்மை விட்டுப் போகமாட்டான் என்பது. ஆபீஸ் வேலையாம், குவார்ட்டர்ஸாம். கவர்னர் பங்களாவையே எழுதிக் கொடுத்தாலும் அவன் வரமாட்டான். தங்கள் தம்பியை நூறு தடவை அனுப்புங்க, நூறு தடவையும் தூக்கிட்டு வந்து காப்பி குடுத்துத் திருப்பி அனுப்புவோம். தர மாட்டோம்னா தர மாட்டோம். பேச்சுத் தமிழ் வந்துவிட்டது, மன்னிக்கவும். தருவதற்கில்லை.

தங்கள் வீட்டில் அடுப்பு அணையாமலும் கூரை ஒழுகாமலும், எங்களிடம் தோற்கும் நாட்களில் தங்களுக்கு மனம் தளராமலும், குடும்பம் தழைத்தோங்க ஆசீர்வதிக்கிறேன். நல்லம்மாளுக்கு எலுமிச்சை ஊறுகாய் வருகிறது. தங்களுக்கு அதில் பங்கில்லை.

இப்படிக்கு,
தங்கள் மாமியார்
நவமணி

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது பத்துமலை பின்வாசலில் வந்து நின்றான்.

"என்னடா?"

"பெரியம்மா, எல்லாரும் பேசிட்டாங்க. என்னை யாரும் கேக்கவே இல்லீங்க."

"எதை?"

"போறேனா இருக்கேனான்னு." நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ராமசாமி அண்ணன்கிட்ட விசாரிச்சேன். அந்தக் குவார்ட்டர்ஸ் ஜன்னலத் தொறந்தா எதிர்த்தாப்ல பாடாங்குதானாம். அம்மா பால் வெட்டுனது போதும் பெரியம்மா. அது ஒரு நாளாவது நான் ஆடிப் பாக்கட்டும்."

சொல்ல வேண்டியது என்னிடம் நிறைய இருந்தது. "கூரை ஒழுகுமாடா?" என்று மட்டும் கேட்டேன். தெரியாதென்றான்.

ஆகையால், மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வண்டியில் பத்துமலையும் மாரியம்மாவும் வருகிறார்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்து வேறு எழுத மாட்டேன். எழுதியது அத்தனையும் நிஜம், நடக்கப் போவது மட்டும் வேறு. கூரையைத் தாங்களே ஏறிப் பார்க்கவும். அவன் காலில் பூட்ஸ் மாட்டக் கூடாது. அந்த ஜன்னலுக்கு முன்னால் யாரும் சைக்கிள் நிறுத்தக் கூடாது. நூஹு சூப்புப் பக்குவத்தை நல்லம்மாளுக்குச் சொல்லி அனுப்புகிறார், வேறு தைப்பிங்காரர் யாருக்கும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டு. ராக்காயி எனக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள்.

தாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சட்டைதான் உங்களுடையது, உள்ளே இருப்பவன் எங்களுடையவன். அடுத்த மாதம் எங்கள் பாடாங்குக்கு ஆட வருவீர்கள் அல்லவா? நான் நாற்காலியோடு அங்கே இருப்பேன். அன்று அவன் நடுக்கோட்டிலிருந்து எங்களுக்கு எதிராகவே அடித்து, வலை கிழிந்து, பந்து சாலையில் போய் விழுந்தாலும், நான் எழுந்து நின்று எல்லார் காதிலும் விழச் சொல்லுவேன்: முழங்காலில் பட்டுப் போனது. நான் பார்த்தேன்.