குகன் படித்த நாடகம்

"அரியர் வச்சிருக்கவங்க மொதல்ல வாங்க" என்று அலுவலக உதவியாளர் பாண்டீஸ்வரி அக்கா கூப்பிட்டபோது, நாடகத்தின் கடைசிக் காட்சியில் யார் சாகிறார்கள் என்று குகனுக்குத் தெரியாது. முதல் காட்சியில் யார் உயிரோடு இருந்தார்கள் என்பதும் தெரியாது.

அவனிடம் இருந்தது இலக்கிய உத்திகளின் பட்டியல் மட்டும்தான். குறியீடு, முன்னுணர்த்தல், நாடக முரண், தனிமொழி. பெரும்பாறையிலிருந்து கொடைக்கானல் வரும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுக்கு ஒன்றாக, விளக்கத்தோடு மனப்பாடம் செய்திருந்தான். நாடகத்தைப் படிக்கத்தான் வளைவுகள் போதவில்லை.

இது மூன்றாவது முயற்சி. இந்த வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டான் என்று கல்லூரி ஒரு கடிதம் கொடுத்தால், திங்கட்கிழமை முதல் ஆடலூர் காபித் தோட்டத்தில் சூப்பர்வைசர். தேறாவிட்டால், மிளகு பறிக்க அப்பா ஏறும் ஏணியைக் கீழே நின்று பிடித்துக்கொள்ளும் பதவி. அது ஏற்கெனவே அவனிடம்தான் இருந்தது.

"புவனா, கதைய மட்டும் சொல்லு. ரெண்டே வரி."

புவனா வகுப்பிலேயே முதல் மார்க். நாடகத்தை நான்கு முறை படித்தவள். ஐந்தாவது முறை படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்.

"ராஜா. மந்திரி. துரோகம். சாவு."

"யாரோட சாவு?"

"உன்னோடதுதான். போடா, கூப்பிடுறாங்க."

உள்ளே கரண்டு இல்லை. ஜன்னல் முழுக்க மூடுபனி. மேசையில் ஓர் எமர்ஜென்சி விளக்கு, அதற்குப் பின்னால் மப்ளர் சுற்றிய ஒரு வெளியூர்க்காரர். அவர் முன்னால் புத்தகம் இல்லை, வெள்ளைத் தாள்தான் இருந்தது. புத்தகமே தேவைப்படாத அளவுக்குப் படித்தவர் போலிருக்கிறது என்று குகன் நினைத்துக்கொண்டான்.

"நாடகத்துல குறியீடு எது?"

கண்ணில் பட்டது ஒன்றுதான். "விளக்குங்க சார்."

"என்ன விளக்கு?"

"அரண்மனை விளக்கு. ராஜாவோட உயிருக்குக் குறியீடு. அது அணையுதுங்க."

அவர் எழுதிக்கொண்டார். "யார் அணைக்கிறாங்க?"

மந்திரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மந்திரி நாடகத்தில் இருக்கிற ஆள். இருக்கிற ஆளைப் பற்றித் தப்பாகச் சொன்னால் மாட்டிக்கொள்வோம். இல்லாத ஆளைப் பற்றித் தப்பாகச் சொல்லவே முடியாது.

"சமையக்காரிங்க சார்."

"பேரு?"

அந்த நிமிஷத்தில் அவனுக்குக் கேன்டீன் அக்காவின் பெயரைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. "ஒய்யம்மாள்."

பேனா நின்றது.

"ராஜா நாடகத்துல ஒய்யம்மாளா?"

"எளிய மக்களின் குரலுங்க சார்."

இந்த வாக்கியத்தை எந்த நூலுக்கும் எழுதலாம் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். பேனா மறுபடி ஓடியது.

"முன்னுணர்த்தல்?"

"ரெண்டாங் காட்சியில ஒய்யம்மா கொழம்புல உப்புப் போட மறந்துர்றா. அப்பவே நமக்குத் தெரிஞ்சுருதுங்க, ராஜா பொழைக்க மாட்டாருன்னு."

"அப்ப நாடக முரண்?"

"ராஜா அதச் சாப்பிட்டுட்டு, 'இன்னைக்கிக் கொழம்பு பிரமாதம்'னு சொல்றாருங்க. பாக்குற நமக்கெல்லாம் தெரியும். அவருக்குத் தெரியாது."

"உப்பில்லாதது நாக்குக்குத் தெரியாதா?"

"அதிகார மயக்கங்க சார். நாக்கும் குறியீடுதான்."

மப்ளர்க்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடக் குகனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"கொலை எங்க நடக்குது?"

"தோட்டத்துலங்க."

இதுவரை குனிந்திருந்த தலை சட்டென்று நிமிர்ந்தது. "என்ன தோட்டம்?"

"ஆரஞ்சுத் தோட்டம். எலையெல்லாம் மஞ்சளடிச்சுக் கெடக்கு."

"வேரழுகலா, சத்துக் குறைவா?"

"வேரழுகல்தாங்க சார். துரோகம் அங்கருந்துதானே ஆரம்பிக்குது."

அந்தப் பதிலை மட்டும் அவர் அரைப் பக்கத்துக்கு எழுதினார். அவ்வளவையும் சேர்த்துத்தான் முட்டை போடப் போகிறார் என்று குகனுக்குப் புரிந்துவிட்டது.

"கடைசியா, ராஜாவோட தனிமொழி. அப்படியே சொல்லுங்க."

குகன் எழுந்து நின்றான்.

"ஏ விளக்கே! நீ அணைந்தால் உன்னைக் கொளுத்த ஒருத்தி இருக்கிறாள். நான் அணைந்தால்... அவள் பாத்திரம் கழுவப் போய்விடுவாளே!"

அவர் அதை மேற்கோள் குறி போட்டு எழுதிக்கொண்டார். குகனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சார், ஒரு உண்மையச் சொல்லிர்றேன்..."

"போதும். வெளிய இருங்க."

அடுத்து புவனா போனாள். இருபது நிமிஷமாவது பேசுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நாலே நிமிஷத்தில் கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது. யாரிடமும் பேசாமல், பையைக்கூட எடுக்காமல், படியிறங்கி மூடுபனிக்குள் போய்விட்டாள்.

நாலு தடவை படித்தவளையே இந்த மனுஷன் இப்படி உரித்தார் என்றால், ஒய்யம்மாளை அரண்மனைக்குள் விட்டவனைச் சும்மா விடுவாரா? அப்பாவிடம் என்ன சொல்வது? ஏணியை இன்னும் எத்தனை வருஷம் பிடிப்பது? காலில் விழுந்துவிடலாம் என்று அவன் எழுந்தபோது, பாண்டீஸ்வரி அக்கா ஒரு கவரோடு வெளியே வந்தாள்.

"குகன்! தொண்ணூத்திரெண்டு. இந்தா லெட்டரு, வெரசாக் கையெழுத்துப் போடு."

"அக்கா, பேரு மாறிப் போச்சு. அது புவனாவா இருக்கும். நல்லாப் பாருங்க."

"எல்லாம் பாத்தாச்சுப்பா. தமிழுக்கு வரவேண்டிய சாரு சீசன் டிராபிக்குல வத்தலக்குண்டு ரோட்டுலயே நிக்கிறாருன்னு, செடிகொடிப் பரிச்சைக்கு வந்த சாரப் புடிச்சு உள்ள ஒக்கார வச்சுட்டாங்க. அவரு பாவம் நீ சொன்ன கதையத்தான் வரி விடாம எழுதி வச்சு அடுத்த ஆளக் கேட்டாரு, அந்தப் பொண்ணுக்கு ஒன்னுகூடத் தெரியல, 'நாடகத்தையே படிக்காம வந்திருக்கு'ன்னு ஃபெயிலாக்கிட்டாரு!"