நாற்பத்திரண்டு பக்க மானியம்

பதினேழாம் கேள்வியில் மாட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்காரருக்கு இது மூன்றாவது நாள்.

முந்தைய பதினாறையும் ஒரே மூச்சில் முடித்திருந்தார். பெயர், முகவரி, என்ன தொழில், எத்தனை வருடமாக என்று கேட்டால் யாரும் சொல்லிவிடலாம். துணி உலர்த்தும் ஸ்டாண்ட் செய்கிறவர். மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். பதினோரு வருடமாகச் செய்கிறார். பதினேழாவதில்தான் படிவம் தன் குணத்தைக் காட்டியது.

'உங்கள் உதவியால் இதுவரை எத்தனை சிறுதொழில்கள் தலைநிமிர்ந்துள்ளன? புகைப்பட ஆதாரம் இணைக்கவும்.'

"ஏம்மா, நம்ம ஸ்டாண்டால யாராவது தலைநிமிர்ந்திருக்காங்களா?"

பட்டறையின் பின்பக்கத்தில் ஸ்டாண்டின் கால்களுக்கு ரப்பர் குல்லா மாட்டிக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள். "மேல் கம்பியில துணி போடறவங்க எல்லாம் நிமிரத்தான் செய்றாங்க."

"வெளையாடாத. இது மானியம்."

மானியம் பைப் வளைக்கும் மெஷினுக்காக. ஒரு ஸ்டாண்டுக்குப் பன்னிரண்டு வளைவு. பன்னிரண்டையும் மனைவியின் தம்பிதான் கை பெண்டரில் பைப்பைச் செருகி, உடம்பின் முழு கனத்தையும் கொடுத்து வளைத்துக்கொண்டிருந்தான். வெல்டிங்கும் அவன்தான். ஸ்டாண்டுக்காரர் தன் கையால் வெல்டிங் வைத்த ஒரே ஸ்டாண்ட், ஒரு ஈரத்துண்டைப் போட்டதுமே உட்கார்ந்துவிட்டது. அப்படிப்பட்ட மச்சினனைத்தான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பட்டறை கூப்பிட்டிருந்தது. அங்கே பெடலை மிதித்தால் பைப் தானாக வளைந்துகொள்ளுமாம்.

"மாசக் கடைசிக்குள்ள நமக்கும் மெஷின் வந்தா இருக்கேன் மாமா. வரலைன்னா ஒண்ணாம் தேதி அங்க போறேன். கோபமெல்லாம் இல்ல. தோள்பட்டைதான் போகச் சொல்லுது."

மனைவிக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை. "ஹாஸ்டல் வார்டன் எண்பது ஸ்டாண்ட் வேணும்னு கேட்டிருக்காரே. அவர்கிட்ட பாதி முன்பணம் வாங்கி மெஷினுக்குக் கட்டலாம். இல்ல, பக்கத்துக் கடை கிரில்காரரும் நாமளும் சேந்து ஒண்ணு வாங்கலாம். வாடகைக்குக்கூட மெஷின் விடறாங்களாம்."

"அதெல்லாம் கையேந்தற மாதிரி."

"நாப்பத்திரண்டு பக்கம் எழுதி ஏந்தினா கை இல்லையா?"

"இதுக்குப் பேரு விண்ணப்பம்."

உண்மையான காரணம் வேறு. இரண்டு வாரம் முன்பு சிறுதொழில் செய்கிறவர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி வைத்து, ஓர் அறக்கட்டளையின் மேடம் பேசினார். "நீங்கள் துணி உலர்த்தவில்லை. குடும்பங்களின் நேரத்தை மீட்டுத் தருகிறீர்கள்" என்று ஸ்டாண்டுக்காரரைப் பார்த்தே சொன்னார். அடுத்த நாற்காலியில் இருந்த மெழுகுவர்த்திக்காரரிடம், அவர் இருட்டோடு உரையாடுவதாகச் சொன்னார். மெழுகுவர்த்திக்காரர் பயந்துபோய்ப் படிவம் வாங்காமலே கிளம்பிவிட்டார். ஸ்டாண்டுக்காரர் வாங்கிப் புரட்டினார். ஒரு பைப் வளைக்கும் மெஷின் கேட்கிறவனிடம் எதற்காக இதையெல்லாம் கேட்கிறார்கள்? அந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்துகொண்டது. அடுத்த பக்கத்தில் என்ன கேட்டிருக்கும் என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பதினேழாம் கேள்விக்குக் கிரில்காரரைப் பிடித்தார்.

"போன வருஷம் எங்க மூங்கில் ஏணியை வாங்கிட்டுப் போனீங்களே. அதால உங்க தொழில் தலைநிமிர்ந்துதா?"

"ஒரு படி உடைஞ்சு இடுப்புல விழுந்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

கிரில்காரர் விவகாரம் தெரிந்தவர். படிவத்தை வாங்கிப் படித்தார். "புகைப்படம் கேக்கறாங்களே. ஏணி பழசு, படத்துல எடுப்பா இருக்காது. அந்தப் பைப் பெண்டரைக் குடுக்கற மாதிரி எடுப்போம்."

எடுத்தார்கள். ஸ்டாண்டுக்காரர் இரண்டு கையாலும் பெண்டரை நீட்ட, கிரில்காரர் கண் கலங்கி வாங்கிக்கொள்ள, படம் நன்றாகவே வந்தது. வாங்கிய பெண்டரோடு கிரில்காரர் தன் கடைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மச்சினன் போய்க் கேட்டான். வெறுங்கையோடு திரும்பினான்.

"தர மாட்டேங்கறார் மாமா. உதவின்னு குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கறது மனுஷன் செய்ற வேலையான்னு என்னையே கேக்கறார். ரெண்டு ஜன்னல் வளைச்சு முடிச்சுட்டார்."

"நாளைக்கு வாங்கிடலாம் மாப்ள. இருபத்தோராம் கேள்வி என்னன்னு பாரு."

'உங்கள் ஆலோசனைக் குழுவின் தலைவர், உறுப்பினர்கள் யார்? கடைசிக் கூட்டத்தின் தீர்மானங்கள் என்ன?'

ஸ்டாண்டுக்காரர் பேனாவை மூடிவிட்டு யோசித்தார். ஸ்டாண்ட் செய்ய ஆலோசனைக் குழு எதற்கு? எதற்கோ இருக்கும். இல்லாமலா கேட்பார்கள்? குழு இருந்தால் பெண்டரைத் திருப்பி வாங்கவும் ஆகுமே என்ற எண்ணமும் வந்தது. பட்டறை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் மாடியில் வேலையில்லாமல் இருந்தார், அவரைத் தலைவராக்கினார். மனைவி, மச்சினன், கிரில்காரர் மூவரும் உறுப்பினர்கள். கிரில்காரரைச் சேர்க்காமல் விட்டால் பகையாகிவிடும்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குழு கூடியது. கட்டடக்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெண்டரைத் திருப்பித் தர வேண்டும் என்பது முதல் பொருள்.

"பெண்டர் இல்லாம நான் எதை வளைக்கறது?" என்றான் மச்சினன்.

தலைவர் கையை உயர்த்தினார். "உணர்ச்சிவசப்படாதீங்க. உதவி செஞ்சதா படிவத்துல எழுதியாச்சு. படமும் ஒட்டியாச்சு. இப்ப பெண்டரைத் திருப்பி வாங்கினா எழுதினது பொய்யாயிடும். பொய் எழுதினவனுக்கு மானியம் வருமா?"

"அதானே" என்றார் கிரில்காரர்.

"அய்யா சொல்றது நியாயமாத்தான் படுது" என்றார் ஸ்டாண்டுக்காரர், தன் கேஸில் தானே எதிர்க்கட்சியாக.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தப் பார்வையை அவர் இதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். படிவத்தைச் சரிபார்க்க அறக்கட்டளை ஆட்கள் வந்து போகும்வரை பெண்டர் கிரில்காரரிடமே இருக்கும் என்று தீர்மானம் நிறைவேறியது. அன்றிலிருந்து தலைவர் தினமும் பத்து மணிக்கு இறங்கி வந்து, "வேலை ஏன் நின்னுபோயிருக்கு?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

வேலை நின்றுதான் போயிருந்தது. முன்பே செய்து முடித்த முப்பது ஸ்டாண்டுகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. மச்சினன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மாசக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது.

இருபத்துநான்காம் கேள்வி ஸ்டாண்டுக்காரரை உலுக்கிவிட்டது.

'உங்களிடம் உதவி கேட்டு வருவோரில் தகுதியானவர்களை எப்படித் தேர்வு செய்கிறீர்கள்?'

"நம்மகிட்ட யாரும்மா உதவி கேட்டு வந்திருக்கா?"

"யாரும் வரலைன்னு எழுதுங்க."

"காலி விட்ட மாதிரி ஆயிடாதா? கேக்கறாங்கன்னா வரணும்னுதானே அர்த்தம்."

ஓர் அட்டையில் 'உதவி தேவைப்படும் சிறுதொழிலாளர்கள் அணுகவும்' என்று எழுதி வாசலில் மாட்டினார். மத்தியானத்துக்குள் பதினோரு பேர் வந்துவிட்டார்கள். செருப்புத் தைக்கிறவர், சாவி செய்கிறவர், பழைய பேப்பர்க்காரர், முடி வெட்டுகிறவர். எப்படித் தேர்வு செய்வது? ஸ்டாண்டுக்காரர் யோசித்து, ஒரு படிவம் தயாரித்தார்.

மூன்றே பக்கம்தான். ஆனால் அதில் ஒரு ருசி கண்டுவிட்டார். நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். குரலே மாறிவிட்டது.

"அஞ்சு வருஷத்துல உங்களை நீங்க எங்க பாக்கறீங்க?"

செருப்புத் தைக்கிறவர் தெருவை எட்டிப் பார்த்தார். "அதோ, அந்த வேப்பமரத்தடியிலதான். கார்ப்பரேஷன் எடுக்கச் சொல்லாம இருந்தா."

"நீங்க செருப்புத் தைக்கல. மனுஷங்களோட பயணத்தைத் தைக்கறீங்க."

"பிஞ்சு போனாத்தானே தைக்கறேன் சார்."

விண்ணப்பங்களைப் பரிசீலித்து மூன்று பேருக்குத் தலா இரண்டு ஸ்டாண்ட் வழங்கினார். சாவிக்காரர் அதில் சாவிக்கொத்துகளைத் தொங்கவிட்டுக்கொண்டார். கையெழுத்து, படம், எல்லாம் முறைப்படி. நான்காவது ஆளைக் கூப்பிட்டபோதுதான் வரிசையில் நிற்பது ஹாஸ்டல் வார்டன் என்று தெரிந்தது.

"சார், நீங்க எங்க இங்க?"

"எண்பது ஸ்டாண்டுக்கு விலை பேசத்தான் வந்தேன்" என்றார் வார்டன், அட்டையைக் காட்டி. "சும்மாவே குடுக்கறீங்கன்னு தெரியாமப் போச்சே. அந்தப் படிவம் ஒண்ணு குடுங்க."

எவ்வளவு விளக்கியும் வார்டன் ஒப்புக்கொள்ளவில்லை. தேவை எங்களுக்கும் இருக்கிறது, நூற்றறுபது பிள்ளைகள் ஈரத்துணியோடு திரிகிறார்கள், படிவத்தில் எழுதித் தருகிறேன் என்றார். தகுதி இல்லை என்று சொன்னதும் முகம் சுருங்கிப் போய்விட்டார். அவர் பாலத்துக்கு அந்தப் பக்கப் பெரிய பட்டறைக்குப் போனதாக மச்சினன் பிறகு பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

 மனைவி ரப்பர் குல்லாக்களை ஒரு டப்பாவில் கொட்டி மூடினாள்.

கடைசிக் கேள்வி நாற்பத்திரண்டாம் பக்கத்தில், தனியாக இருந்தது.

'இந்த உதவி கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?'

முதல்முறையாக ஸ்டாண்டுக்காரர் யாரையும் கேட்கவில்லை. தானே எழுதினார்: 'என் மச்சினன் ஒன்றாம் தேதி போய்விடுவான். அவன் வைத்த வெல்டிங் இதுவரை ஒன்றுகூட விட்டதில்லை. அவன் போனபிறகு இது பட்டறை இல்லை, நான் உட்கார்ந்திருக்கும் ஓர் அறை.'

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "இதை அவன்கிட்டயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு நாப்பத்திரண்டு பக்கம்?"

"அவன் கேக்கலையே. இவங்கதான் கேட்டாங்க."

படிவத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த நான்காம் நாளே பதில் வந்தது. மேடம் நேரில் வருகிறார்.

மாசத்தின் கடைசி நாள். வாசலில் கார் வந்து நின்றது. பெரிய கார், இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மேடம் இறங்கினார். ஆலோசனைக் குழு முழு பலத்தோடு வரவேற்றது. மச்சினன் மட்டும் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். உள்ளே போவதா வெளியே போவதா என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

மேடம் ஸ்டாண்டைப் பார்க்கவில்லை. பைப்பைப் பார்க்கவில்லை. படிவத்தைத்தான் விரித்து வைத்துக்கொண்டார். பக்கமெல்லாம் மஞ்சள் கோடு.

"இருபத்துநாலாவதுக்கு நீங்க எழுதினது பிரமாதம். மூணு பக்கப் படிவம், நேர்காணல், வழங்கும் நிகழ்ச்சி. இந்த மாதிரி யாருமே யோசிக்கல. ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தது ஏன், இன்னொருத்தரை விட்டது ஏன், அதைக் கொஞ்சம் விவரமா சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல மேடம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். ஸ்டாண்டுக்காரருக்கு மார்பு விம்மியது. பதினோரு வருடத்தில் தன் பேச்சை யாரும் எழுதி வைத்துக்கொண்டதில்லை.

"கடைசிக் கேள்வி கண்ணுல தண்ணி வரவழைச்சுடுச்சு" என்றார் மேடம். "ஒரே ஒரு திருத்தம். 'மச்சினன்'ங்கறதை 'திறன்மிக்க மனிதவளம்'னு மாத்திக்கறேன். 'பட்டறை'யை எடுத்துட்டு 'அமைப்பு'ன்னு போட்டுக்கறேன். சரிதானே?"

"தாராளமா, மேடம். அப்ப மெஷின்..."

"முடிவு மேலிடத்துல. ஆனா எனக்கு நம்பிக்கை இருக்கு. நிச்சயமா கிடைச்சுடும்."

அந்த 'நிச்சயமா' பட்டறை முழுக்கப் பரவியது. கிரில்காரர் உணர்ச்சிவசப்பட்டுப் பெண்டரைக் கொண்டுவந்து வைத்தார். கட்டடக்காரர், குழுத் தலைவர் என்ற முறையில், மேடத்தைத் தேநீருக்கு மாடிக்கு அழைத்துப் போனார். மனைவி ரப்பர் குல்லா டப்பாவைத் திறந்தாள். ஸ்டாண்டுக்காரர் மச்சினனிடம், மெஷினை எந்தச் சுவரோரம் வைத்தால் வெளிச்சம் விழும் என்று கைநீட்டிக் காட்டினார். மச்சினன் தோளிலிருந்த பையை இறக்கினான். கீழே வைக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டான். எதையும் கேட்டு உறுதி செய்துகொள்கிற பையன்.

வாசலில் டிரைவர் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சினன் அவரிடம் போனான்.

"அண்ணே, மெஷின் எப்ப வரும்? சுமாரா எத்தனை நாள் ஆகும்?"

டிரைவர் துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "மெஷினா? அட, இது மேலிடத்துல பணம் கேட்டு எங்க ஆபீஸ் நிரப்ப வேண்டிய படிவம்ப்பா, மேடத்துக்கு எழுத வராது, அதான் உங்களை மாதிரி ஆளுங்ககிட்ட குடுத்து வாங்கிக்கறது; போன தடவை ஒரு சோப்புக் கம்பெனிக்காரர் எழுதினதுலதான் இந்தக் கார் வந்துச்சு."