கோழிப்பண்ணைக்குக் கிருமி வந்த வழி

நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் பஞ்சுக் குச்சியால் தடவி, என்ன வளர்கிறது என்று பார்க்கத் தோன்றும். (என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்த காபி டம்ளரைக்கூட அப்படித்தான் பார்த்தேன். அப்படியும் கல்யாணம் நடந்தது.)

புகுந்த வீட்டுக்குப் பரமத்தி வேலூர் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை. போன புதிதிலேயே பண்ணை வாசலில் ஒரு தொட்டி வைத்து, கிருமிநாசினி ஊற்றி, இதில் காலை முக்காமல் யாரும் கொட்டகைக்குள் போகக்கூடாது என்று சட்டம் போட்டேன். மாமனாரே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செருப்போடு அதில் இறங்கி ஏறுவார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் முட்டையை வாங்கும் பேக்கரி, முட்டை ஓட்டில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கிறது என்று ஒரு லோடைத் திருப்பி அனுப்பியது. இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு பண்ணை பார்த்துக்கொள்வார்களாம். எங்களுக்கு இருந்த பெரிய வாடிக்கை அதுதான். மாமனார் அன்று சாப்பிடவில்லை.

"அம்மிணி, இது எங்கிருந்து வருதுன்னு நீதான் கண்டுபுடிக்கோணும்" என்றார்.

எனக்கா கசக்கும்? தீவனம், தண்ணீர்க் குழாய், எலிப் பொந்து, முட்டை அட்டை, மாமியாரின் உள்ளங்கை என்று ஒன்றையும் விடவில்லை. ("ஏஞ்சாமி, என் கையில என்ன இருக்குது?" "அதத்தான் அத்தை பாக்குறேன்.") எனக்கு எலிமேல்தான் சந்தேகம். கடைசியாக, சுத்தம் என்றால் எப்படி இருக்கும் என்று குடும்பத்துக்குக் காட்டுவதற்காக என் தொட்டியிலும் ஒரு குச்சியை நனைத்தேன்.

எல்லாவற்றையும் பெயர் எழுதிய வளர்ப்புத் தட்டுகளில் தடவி ஆய்வகத் தோழிக்கு அனுப்பினேன்; கிருமி வளர்ந்ததும் அவள் தட்டுகளின் படங்களை அனுப்பினாள். நான் முதலில் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல், அவற்றை நேரே டிவியில் போட்டேன். கறுப்புப் புள்ளி இருந்தால் சால்மோனெல்லாவாக இருக்கலாம் என்று பாடமும் நடத்தினேன். எலிப் பொந்தில் லேசாக இருந்தது. மாமியார் கை சுத்தம். கடைசித் தட்டில் கடுகைக் கொட்டியது போல ஒரே கறுப்பு.

"அய்யோ, இதெந்த எடம் அம்மிணி?" என்றார் மாமியார்.

தட்டின் மேல் என் கையெழுத்திலேயே 'தொட்டி' என்று இருந்தது.

"மாமா, மருந்த எப்ப மாத்துனீங்க?"

"மாத்தறதா? மருமக ஊத்துன மருந்த யாராச்சும் கீழ கொட்டுவாங்களா? கொறஞ்சா தண்ணி ஊத்திக்குவேன்."

மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. செருப்பில் வந்த கோழி எச்சம் கரைந்து மருந்து வீரியம் இழந்துவிட்டது. நாங்களோ பக்தியோடு காலை நனைத்து, கிருமியைக் கொட்டகை கொட்டகையாகச் சுமந்து, தரையில் அடுக்கியிருந்த முட்டை அட்டைகளுக்கு விநியோகித்திருக்கிறோம். வெட்கத்தில் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, மருந்துக்குள் அது எப்படிப் பிழைத்தது என்று வியந்ததும் உண்மை.

அதன்பிறகு செருப்பைத் தேய்த்துக் கழுவிய பிறகே தொட்டி. மருந்தும் தினம் புதிது. முட்டை அட்டைகள் மேசைக்கு ஏறின. அடுத்த லோடு திரும்பி வரவில்லை, பேக்கரியும் நிலைத்தது.

ஆனால் உறவில் யார் வீட்டில் எது கெட்டாலும், "மொதல்ல எங்க மருமகள விசாரிங்க" என்பார் மாமனார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் சாம்பார் புளித்துப்போனது. மொத்தப் பந்தியும் திரும்பி என்னைத்தான் பார்த்தது.