விலாசம் யார் எழுதியது?

நரகத்துக்கு ஆள் பிரித்து அனுப்புகிறவர் என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் சபையிலும் இருப்பார், முன்வரிசையில் தேடுங்கள். நான் சொல்லும் ஆசாமி தபால் நிலையத்தில் முப்பது வருஷமாகக் கடிதம் பிரிப்பவர். பட்டப்பெயர் விலாசக்காரர்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, காபியை வாங்கி, சர்க்கரை போதவில்லை என்று முகம் சுளித்து, யார் வரவில்லை, யார் வந்தும் தூங்கினார், யார் மகன் யாரோடு சுற்றுகிறான் என்று ஒரே பார்வையில் அளந்துவிட்டுத் தொடங்குவார். ஆண்டவர் யாரையும் நரகத்துக்கு அனுப்புவதில்லையாம். அவனவனே விலாசம் எழுதிக்கொள்கிறானாம். இவர் வாசித்துச் சொல்கிறார், அவ்வளவுதானாம். என்ன பணிவு பாருங்கள்.

குடிக்கிற எதிர்வீட்டுக்காரர், கையில்லாத சட்டை போட்ட பாடகர் குழுப் பெண், ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துவிடும் போதகர், எல்லாரும் ஒரே சாக்கில். சொந்தத் தங்கையைப் பதினோரு வருஷத்துக்கு முன்பே அதில் போட்டுக் கட்டிவிட்டார். இவரைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் போன் செய்தால் எடுக்கமாட்டார். கேட்டால், அவளாகத் தேடிக்கொண்டது என்பார்.

போன மாதம் அவள் கடிதம் இவர் மேஜைக்கே வந்தது. கையெழுத்து தெரியாமலா போகும்? விரலைப் பிடித்து எழுதப் பழக்கியதே இவர்தானே. ஊர்க் கடிதத்தையெல்லாம் பிரிக்கிறவர் இதை மட்டும் பிரிக்கவில்லை. 'வாங்க மறுத்தார், அனுப்பியவருக்கே திருப்புக' என்று உறைமேல் முத்து முத்தாக எழுதித் திருப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். தங்கை அவளிடம் போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை இதயத்தில் ஆபரேஷன். பிழைப்பது நிச்சயமில்லை. அண்ணன் ஒரு தடவை வந்து பார்த்தால் போதும் என்பதுதான் கடிதம்.

"மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தா அது வேற" என்றார் விலாசக்காரர்.

"அவதாங்க உங்களை மன்னிச்சு எழுதியிருக்கா. விலாசம் சரியாத்தான் போட்டிருக்கா. வேண்டாம்னு எழுதினது உங்க கை. ஆண்டவர் எழுதினாலும் இப்படித்தான் திருப்பி விடுவீங்களா?"

வியாழக்கிழமை மனைவி மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இவர் ஜெபக்கூட்டத்தில் நரகத்தைப் பற்றிப் பேசினார். சொந்த ஊரைப் பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு விவரமாகப் பேசினாராம்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். அதோடு விடாமல் மறுபடியும் எழுதியிருக்கிறாள். இன்று காலை கடிதம் மேஜையில் கிடக்கிறது. இவர் கை சட்டைப்பையில் பேனாவைத் துழாவுகிறது.

இதைப் படித்ததும், 'அட, அச்சு அசல் நம்ம அவரேதான்' என்று ஒரு முகம் உங்களுக்குத் தோன்றியதல்லவா? அவரையும் சாக்கில் போட்டாயிற்றா? கொஞ்சம் உங்கள் சட்டைப்பையையும் தொட்டுப் பாருங்கள்.