மாமாவை ஒட்டி நின்ற போட்டோ

மனைவி வழி விசேஷங்களுக்கு இனிமேல் போவதில்லை என்று ஒரு வீரமான முடிவெடுத்தேன். வீரம் என்றால், யாரிடமும் சொல்லாமல் எடுத்த முடிவு.

நான் சூசைராஜ். இலுப்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் பெயருக்குத்தான். உண்மையான தொழில், கம்ப்யூட்டரில் முகங்களைத் திருத்துவது. அம்மைத் தழும்பு, தெத்துப்பல், கருவளையம், முன்வழுக்கை எல்லாம் என் மவுஸ் பட்டால் மறைந்துவிடும். வட்டாரத்துக் கல்யாணங்களில் பாதியைத் தரகர் முடிக்கிறார், மீதியை நான் முடிக்கிறேன். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், மாப்பிள்ளையிடமே "மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு கைராசி.

இப்படி ஊரைத் திருத்துகிறவனை வீட்டில் தினமும் ஒருத்தி திருத்துகிறாள். என் மனைவி செல்வராணி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே ஊசியைக் கையால் போடுவாள். வீட்டில் வாயால் போடுவாள்.

அவளுடைய தாய்மாமா ஞானமணிக்கு மீமிசலில் புது வீடு மந்திரிப்பு, அதாவது சாமியார் வந்து ஜெபம் செய்து வைக்கிற கிரகப்பிரவேசம். ஞாயிற்றுக்கிழமை. அன்று பார்த்து அவளுக்கு டூட்டி.

"நீங்களாவது போயித் தலையக் காட்டிட்டு வந்திருங்க. மாமா மனசு நோகக் கூடாது."

"என் தலையில காட்டுறதுக்கு என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லையே."

"முடியத்தானே சொல்றீங்க? நான் உள்ள இருக்கறதையும் சேத்துச் சொல்றீங்களோன்னு நெனச்சேன்."

மீமிசலுக்கு மூன்று பஸ் மாற வேண்டும். இறங்கியதும் மாமா கையைப் பிடித்துக்கொள்வார். அலைகூடக் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகும். மாமா தொட்டால் விட மாட்டார். வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய நான் நேராகக் கடைக்குப் போனேன். செல்வராணியின் சித்தப்பா மகன் பெலிக்ஸ் பைக்கில் மீமிசல் புறப்பட்டுக்கொண்டிருந்தான். பரிசாகக் கொடுக்க வாங்கிய மாதா சுரூபத்தை அவனிடம் ஒப்படைத்தேன்.

"மாமா கேட்டா என்ன சொல்லட்டும் மச்சான்?"

"கடையில அவசர வேலைன்னு சொல்லு. ஒங்க அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாத. ஒரு குரூப் போட்டோ எடுத்து அனுப்பு. மத்ததக் கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

ஷட்டரை இறக்கினேன். ஃபேனுக்கு அடியில் பாய் விரித்தேன். ஒரு குடும்பஸ்தன் அப்படித் தூங்கி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மத்தியானம் போட்டோ வந்தது. பெலிக்ஸ் எடுத்ததா, அவன் பைக் எடுத்ததா என்று சந்தேகம் வந்தது. மாமா கண்ணை மூடியிருந்தார். அத்தை முகத்தில் பாதியைப் பந்தல் நிழல் தின்றிருந்தது. பங்குச்சாமியார் வெயிலில் வெளுத்து, அங்கி மட்டும் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தது. மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆடு.

வேலையில் இறங்கினேன். பழைய கல்யாண போட்டோவிலிருந்து கண்களை எடுத்து மாமாவுக்கு வைத்தேன். அத்தைக்கு வெளிச்சம் கொடுத்தேன். சாமியாருக்கு முகம் கொடுத்தேன். ஆட்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஈஸ்டர் அன்று எடுத்த என்னை வைத்தேன். தொப்பையைக் கொஞ்சம் குறைத்து, முடியைக் கொஞ்சம் கூட்டினேன். பொய்தான் சொல்கிறோம், அழகாகச் சொல்வோமே.

சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த செல்வராணி போட்டோவை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எல்லாரும் வேர்த்து ஊத்தி நிக்கிறாங்க. நீங்க மட்டும் ஏசியில நிக்கிற மாதிரி இருக்கீங்க."

"எனக்குக் கடல் காத்து ஒத்துக்கும்."

"எல்லாருக்கும் நெழல் இங்கிட்டு விழுது. ஒங்களுக்கு மட்டும் அங்கிட்டு விழுது."

"நான் கொஞ்சம் திரும்பி நின்னேன்."

"நீங்க திரும்புனா சூரியனும் திரும்புமா? சரி, இருக்கும். மாமாவ நல்லா ஒட்டி நிக்கிறீங்க."

"ஒட்டித்தான்..." என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

அவள் போனோடு அடுப்படிக்குப் போனாள். மாமாவோடு பேசுகிற சத்தம் கேட்டது. நடுநடுவே சிரிப்பு. தாய்மாமாவும் மருமகளும் சிரித்தால் நமக்கென்ன என்று இருந்தேன். வெளியே வந்து ஸ்பீக்கரைப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"மாப்ள, நல்லபடியா ஊரு போய்ச் சேந்தீங்களா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. வராதவனிடம் இப்படிக் கேட்கிறாரே. பெரிய மனுஷர், காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறார் என்று நெஞ்சு நெகிழ்ந்தது.

"சேந்துட்டேன் மாமா."

"சாப்பாடெல்லாம் பிடிச்சுதா?"

"அந்த மீன் கொழம்பு இருக்கே மாமா..."

"பிரியாணிதானே போட்டோம்."

"மீன் கொழம்பு இல்லாட்டியும் நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்."

"சந்தோஷம். குடுத்த வாக்க மட்டும் மறந்துறாதீங்க."

"எந்த வாக்கு மாமா?"

"நல்லா இருக்கே கதை. சாமியார் முன்னால என் கையப் பிடிச்சுச் சொன்னீங்களே, மாதா திருவிழாவுக்கு எங்களோட மீமிசல்லேர்ந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே வாரேன்னு. ஒங்க பேரையும் சேத்தாச்சு."

போனைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தேன். "நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"அப்ப மாமா பொய் சொல்றாரா?"

"அப்படி இல்ல..."

"நீங்க அங்க போகவே இல்லையா?"

போட்டோவில் நான் மாமாவை ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"போனேன்."

"போனீங்கல்ல. அப்ப சொல்லியிருப்பீங்க."

ஒரு பக்கம் வேளாங்கண்ணி மாதா. இன்னொரு பக்கம் செல்வராணி. இருவரில் இரக்கமுள்ளவர் யார் என்று யோசித்தேன். "வாரேன் மாமா" என்றேன்.

ஆனாலும் கலைஞன் சும்மா இருப்பானா? கடையில் உட்கார்ந்து காவி வேட்டியில் என்னைப் படம் எடுத்துக்கொண்டேன். அதிராம்பட்டினம் ரோடு, முத்துப்பேட்டைப் பாலம், புளியமரத்து நிழல் என்று பின்னணிகளைத் தேடிச் சேர்த்தேன். கூட்டத்தில் மெதுவாகப் பின்தங்கி, ஒரு பஸ் ஏறி, லாட்ஜில் படுத்துக்கொண்டு, வேளைக்கு ஒரு போட்டோ அனுப்பினால் யாருக்குத் தெரியும்? இந்த முறை நிழலைக்கூடச் சரியான பக்கம் விழவைத்திருந்தேன்.

கிளம்புகிற அன்று செல்வராணி துண்டு, தைலம், பஞ்சு எல்லாம் பையில் எடுத்து வைத்தாள். வாசல் வரை வந்தாள். கண்ணில் உண்மையான பாசம் தெரிந்தது.

"வழியில போட்டோ எடுத்து அனுப்பிச் சிரமப்படாதீங்க. திரும்பி வந்ததும் உள்ளங்காலப் பாத்து நானே தெரிஞ்சுக்கிறேன்."