செம்புக்கோல் குருவின் ஆயா பயிற்சி

அரங்கத்தில் எள் விழ இடமில்லை. முன்வரிசையில் அம்மாக்கள், பின்வரிசையில் ஆயாக்கள். ஆட்டிசம் உள்ள சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களுக்கு மூன்றே மணி நேரத்தில் பயிற்சியாம்! பாடம் ஒன்றுதான்: பிள்ளையின் தலைக்கு மேல் செம்புக்கோலைச் சுற்று, உள்ளிருக்கும் சூடு கோலில் ஏறிவிடும். கோல் வாசலில் விலைக்குக் கிடைக்கும். கோலில் ஏறிய சூட்டை இறக்க இன்னொரு கோலும் கிடைக்கும்.

மேடையில் நான்கு வயதுப் பிள்ளை ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். குரு கோலை உயர்த்தினார்.

"யாரும் மூச்சு விடாதீங்க!"

கூட்டம் அடங்கியது. பிள்ளையும் அடங்கினான். சட்டைப்பையிலிருந்து பாட்டில் மூடிகளை எடுத்து வரிசையாக அடுக்கினான். அவன் அம்மாவுக்குக் கண்ணீர் பொங்கியது.

"நாற்பது நாள் என்கிட்ட விட்டுடும்மா. நீ வந்து பார்க்கவே கூடாது. மொத்தச் சூட்டையும் இறக்கிடறேன்."

அவள் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள். அதற்குள் பிள்ளை மறுபடி அலறினான். "பார்த்தியா, இன்னும் சூடு மிச்சமிருக்கு!" என்றார் குரு.

பின்வரிசையிலிருந்து அவனுடைய ஆயா எழுந்தாள். மிக்சி போடுமுன் அவனுக்கு ஐந்து விரல் காட்டி, ஒவ்வொன்றாக மடக்கி, அப்புறமே சுவிட்சைத் தொடுபவள். சொல்லிவிட்டு வரும் சத்தத்தை அவன் தாங்குவான். திடீரென்று வருவதைத் தாங்கமாட்டான். ஆகவே எல்லோரும் கோலைப் பார்த்தபோது, அவள் சத்தத்தைக் கவனித்திருந்தாள்.

"சாமி, இப்ப சுத்துங்க. ஆனா சுவர்ல சாஞ்சிருக்கிற உங்க சீடர் கையை முன்னாடி கட்டிக்கட்டும்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்கமேல இருக்கு சாமி. அவர் கைமேலதான் இல்லை."

குரு மூன்று சுற்றுச் சுற்றினார். பிள்ளை அலறிக்கொண்டே இருந்தான். சூடு ஏறியது, குருவின் நெற்றியில்.

ஆயா சீடரை நகர்த்தினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச். பிள்ளையைப் பார்த்து ஐந்து விரல் மடக்கினாள், அழுத்தினாள். மேடைக்கு மேலே கடகடத்த எக்ஸாஸ்ட் விசிறி நின்றது. பிள்ளை காதிலிருந்து கையை எடுத்தான். மூடிகளுக்குத் திரும்பினான்.

அம்மா பேனாவை மூடினாள். "எனக்குத் தோணவே இல்லையேக்கா. உனக்கு யாரு சொன்னது?"

"அவன்தாம்மா. ரெண்டு வருஷமா காதைப் பொத்திப் பொத்திச் சொல்றான்."

வாசலில் கோல்களைத் திருப்பிக்கொடுக்கத் தள்ளுமுள்ளு. குருவோ கொல்லைப்புற வழியாகக் கம்பி நீட்டிவிட்டார். பிள்ளை காதைப் பொத்தியதற்குக் காரணம் இருந்தது. பெரியவர்களே, நீங்கள் மூளையைப் பொத்திக்கொண்டதற்கு?